காற்றைப் பார்த்துக் கம்பு ஊன்றுதல்

கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் முன் வாசலில் சற்று நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ரோஜாப் புத்தகங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்து தொடங்கும். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் தமிழக எல்லையிலும் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெட்டிய கம்புக்கு வேர் கிடையாது. வேர் வர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை உள்ளே இருக்கும் ஈரத்தை வைத்தே அது உயிர் பிடித்திருக்க வேண்டும். வறண்ட காற்று அடித்தால் அந்த இருப்பு நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். நீங்கள் மண்ணில் எத்தனை குடம் ஊற்றினாலும் கம்பால் தேவையான அளவு குடிக்க முடியாது.

இதை நான் முப்பது கம்புகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஒரு தை மாதம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முப்பது பன்னீர் ரோஜாக் கம்புகளை ஊன்றினேன். நிழல் இருந்தது, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். பத்தாம் நாள் தோலை நகத்தால் கீறிப் பார்த்தால் ஒன்றில்கூடப் பச்சை இல்லை. அதே செடியிலிருந்து, இரண்டு மாதம் முன்பு, ஐப்பசி மழையில் மறையூரில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு கம்புகளில் ஒன்பது வேர் விட்டிருந்தன. அக்கா வேர்ப்பவுடரும் போடவில்லை, பந்தலும் கட்டவில்லை. மாதம்தான் வேறு.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த திறப்பு. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று அந்த வழியாகக் கோவை, உடுமலைப் பக்கம் பாய்கிறது. கார்த்திகை பாதிக்கு மேல் காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து வறண்டு வந்து, கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவைத் துடைத்துக்கொண்டு போகும். தை, மாசியில் துணி ஒரு மணி நேரத்தில் காய்வது அதனால்தான். என் முப்பது கம்பும் காய்ந்தது அதே காற்றில்தான்.

திருவாதிரையா, ஐப்பசியா

கேரளத்து விவசாயிகளிடம் ஞாற்றுவேலைக் கணக்கு ஒன்று உண்டு. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நிற்கும் பதின்மூன்று, பதினான்கு நாள் ஒரு ஞாற்றுவேலை. அவற்றில் திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது ஜூன் 22 வாக்கில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை, கம்பு நடுவதற்கு உச்சமான காலம். மழையும் வெயிலும் மாறி மாறி வரும்; ஒடித்துக் குத்திய குச்சியும் துளிர்க்கும் என்பார்கள். போர்த்துக்கீசியர் மிளகுக் கொடிகளைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியிடம் சிலர் முறையிட்டபோது, கொடியைக் கொண்டுபோகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை நடந்ததோ இல்லையோ, அதில் இருக்கும் விவசாய அறிவு உண்மையானது.

ஆனால் அந்தக் கணக்கு பட்டாம்பி, ஒற்றப்பாலம், தொடுபுழைக்குச் சரி. எல்லையை ஒட்டிய நமக்கு அப்படியே பொருந்தாது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் தென்மேற்கு மழை வரும்போதே மெலிந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். இந்த ஊர்களுக்கு ஐப்பசி முதல் வாரத்திலிருந்து கார்த்திகை பத்து தேதிக்குள் கம்பு ஊன்றி முடித்துவிட வேண்டும். கிழக்குக் காற்று வலுக்கும்போது கம்பின் அடியில் வேர் தொடங்கியிருக்கும்.

மறையூர், காந்தல்லூர் மழை மறைவுப் பகுதி. மூணாறிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர்தான். மூணாறில் தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும் ஆடி மாதத்தில் தலையாறு தாண்டி இறங்கினால் வெயில் அடிக்கும். மறையூருக்கும் சின்னாறுக்கும் உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அங்கே புரட்டாசிக் கடைசியில் தொடங்கலாம்.

மூணாறு, தேவிகுளம் பகுதியில் சிக்கல் நேர் எதிரானது. அங்கே கம்பு காய்வதில்லை, அழுகுகிறது. ஆனி முதல் ஆவணி வரை விடாத மழையில் திறந்த வெளியில் ஊன்றிய கம்பின் அடி கறுத்து வழுவழுவென்றாகிவிடும். சித்திரை, வைகாசியின் கோடைமழைக் காலமோ, புரட்டாசியில் மழை ஓயும் இடைவெளியோதான் அங்கே நல்லது. மார்கழி, தையில் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் உறைபனி இறங்கும். அந்தக் குளிரில் வேர் நகராது. குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் திருவாதிரை ஞாற்றுவேலை ஓரளவு பலிக்கும், ஆனால் தாழ்வாரத்துக் கூரைக்கு உள்ளே. ராமக்கல்மேடுபோலக் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் முகட்டு ஊர்களில் எந்த மாதமானாலும் மறைப்பு இல்லாமல் ஊன்ற வேண்டாம். காற்றாலை நிறுத்தத் தேர்ந்தெடுத்த இடம் அது.

எந்த ரோஜாவுக்குக் கம்பு ஒத்துவரும்

எல்லா ரோஜாவும் கம்பில் வராது என்று சொல்வது சரியல்ல. எல்லா ரோஜாவும் சொந்த வேரில் நன்றாக வாழாது என்பதுதான் சரி. பன்னீர் ரோஜா, சிவப்பு நாட்டு ரோஜா, பட்டன் ரோஜா, வேலியில் ஏறும் கொடி ரோஜா, இவை கம்பிலிருந்து எளிதாக வரும், சொந்த வேரில் பல ஆண்டு நிற்கும். கடையில் பெரிய ஒற்றைப் பூவோடு விற்கும் ஒட்டு ரோஜாவின் கம்பும் சில சமயம் வேர் விடும். ஆனால் அந்த வேர் பலவீனமானது. இரண்டாம் கோடையில் செடி சுருங்கிவிடும். மண்ணுத்தியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வரும் அந்த ரகங்களை, முரட்டு வேர்ச்செடியில் கண் ஒட்டி வளர்த்திருப்பது காரணத்தோடுதான். முதல் வருடம் நாட்டு ரகத்தில் கைப்பழக்கம் வரட்டும்.

தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் எட்வர்டு ரோஜா என்று சொல்லும் இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜாவுக்கு ஒரு நெடிய பயணம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர் பூர்போன். அங்கே வயல் வேலிகளில் வளர்ந்த ரோஜாவுக்கு ‘ரோஸ் எதுவார்’ என்று பெயர். 1817-ல் அந்தத் தீவுக்கு வந்த பிரெயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் கண்ணில் அந்த வகை பட்டு, அதன் விதைகள் பிரான்சுக்குப் போய், பூர்போன் ரோஜா என்ற பெரிய குடும்பமே உருவானது. நம் ஊர் நாவில் எதுவார் எட்வர்டு ஆகிவிட்டது. தீவில் வேலிச்செடியாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். கம்பை ஒடித்து ஊன்றி ஊன்றித்தான் வேலி நீளும். கம்பில் வருவது அதன் பிறவிக் குணம்.

நம் மலைகளுக்கே உரிய ரோஜாவும் உண்டு. நீலகிரி, பழனி மலைச் சோலை ஓரங்களில் மரங்கள் மேல் ஏறி, வெள்ளையாக ஐந்து இதழில் பூக்கும் காட்டு ரோஜா, லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரைத் தாங்கியது. அதைக் காட்டிலிருந்து வெட்டி வராதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள். வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரோஜா வேண்டும் என்று கொடைக்கானலில் இருந்தபடி பல பத்தாண்டுகள் உழைத்த எம்.எஸ். வீரராகவன், மணிப்பூர் மலையின் ராட்சதக் கொடி ரோஜாவையும், ஈரமான ஆற்றங்கரையில் வளரும் கிளினோஃபில்லா என்ற காட்டு ரோஜாவையும் பயன்படுத்திப் புதிய ரகங்களை எடுத்தார். ஐரோப்பியக் குளிருக்காக வளர்த்த ரகங்களை நம் வெயிலில் கெஞ்சிக் காப்பாற்றுவதைவிட இந்த மண்ணுக்குப் பழகிய இரத்தம் வேண்டும் என்ற அவருடைய எண்ணம் வீட்டுத் தோட்டக்காரருக்கும் பொருந்தும். உங்கள் தெருவில் இருபது வருடமாக, யாரும் மருந்தடிக்காமல் பூத்துக்கொண்டிருக்கும் ரோஜா எது என்று பார்த்து, அந்த வீட்டு அக்காவிடம் இரண்டு கம்பு கேளுங்கள். அதைவிடச் சிறந்த தேர்வு நர்சரியில் கிடைக்காது.

கம்பு வெட்டுவது

எந்தக் கம்பு பக்குவம் என்று பார்க்கும் சோதனையை, மூணாறில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஓய்வுபெற்ற பாட்டி ஒருவரிடம் கற்றேன். அவர் வாசலில் பால்பவுடர் டின்களிலும் பெயிண்ட் வாளிகளிலும் பதினேழு ரோஜாக்கள் இருந்தன, ஒன்றுகூட விலைக்கு வாங்கியதில்லை. கம்பு கேட்டதும் அவர் கத்தியை எடுக்கவில்லை. பூ உதிர்ந்த ஒரு கிளையைப் பிடித்து, கட்டைவிரலால் முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினார். முள் வளைந்தது, தோல் உரிந்தது. “இது பிஞ்சு, அழுகிப்போகும் தம்பி” என்று விட்டுவிட்டார். இன்னும் கீழே போய் அடுத்த முள்ளைத் தள்ளினார். ‘டக்’கென்று சுத்தமாகக் கழன்று, அடியில் ஈரமான பச்சைத் தழும்பு தெரிந்தது. “இதுதான் பக்குவம்.” அதற்கும் கீழே முள் காய்ந்து, சாம்பல் தோலாக இருந்த பகுதியையும் அவர் தொடவில்லை. அது முற்றல், வேர் விட மூன்று மாதம் இழுக்கும்.

பக்குவமான கம்பு பென்சில் கனம் இருக்கும். ஒரு சாண் நீளம், மூன்று அல்லது நான்கு கணு. விடிகாலையில் வெட்டுங்கள், கிளையில் நீர் நிறைந்திருக்கும் நேரம் அது. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்ற குழப்பம் வராது. தலைகீழாக ஊன்றிய கம்பு வேர் விடாது. மேலே ஒரே ஒரு இலையை, அதுவும் பாதி நறுக்கி, விடலாம். இலை உணவும், வேரைத் தூண்டும் சாறும் தயாரித்துக் கீழே அனுப்புகிறது; அதே இலைதான் ஈரத்தையும் இழக்கிறது. சித்தூர் காற்றில் அந்தப் பாதி இலையையும் எடுத்துவிடுவேன். மூணாறு ஈரத்தில் இரண்டு இலைகூட விடலாம்.

அடிப்பக்கத்தில் ஒரு அங்குல உயரத்துக்கு, ஒரு பக்கம் மட்டும் தோலை மெல்லிசாகச் சீவிவிடுங்கள். காயம் பட்ட விளிம்பில்தான் வெள்ளைத் தழும்புத் திசு கட்டும், வேர் அதை ஒட்டிக் கிளம்பும். வேர்ப்பவுடர் தொட்டால் நல்லது. பன்னீர் ரோஜாவுக்கு இல்லாமலும் வரும். தேன், கற்றாழைச் சோறு, பட்டைப்பொடி எல்லாம் செய்து பார்த்தேன், கெடுதல் இல்லை, ஆனால் காலம் தப்பிய கம்பை அவை காப்பாற்றியதில்லை. உருளைக்கிழங்கில் கம்பைக் குத்தி மண்ணில் புதைக்கும் வழியை மட்டும் செய்யவே வேண்டாம். கிழங்கு அழுகும், கம்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஊன்றுவதும் காத்திருப்பதும்

ஊன்றும் மண்ணில் உரம் கூடாது. இதைப் பலர் நம்ப மாட்டார்கள். வேர் இல்லாத கம்புக்குச் சாணி எதற்கு? அது பூஞ்சைக்குத்தான் தீனி. நன்றாக அலசிய எம்-சாண்ட் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு போதும். நார்க்கழிவு பொள்ளாச்சியிலிருந்து கட்டியாக வருகிறது. அதில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் பூஞ்சைத் தொல்லை பாதியாகும். கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. அந்த ஈரம்தான் கணக்கு.

முதலில் ஒரு குச்சியால் துளை போட்டு, அதில் கம்பை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். கம்பையே குத்தி இறக்கினால் சீவிய தோல் கிழியும். மேலே, அடி நறுக்கிய இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள். மூடியைத் திறந்தும் மூடியும் காற்றை அளவாக விடலாம். நிறைய கம்பு இருந்தால் மூங்கில் வில் வளைத்து பாலித்தீன் கூடாரம். நேர் வெயில் கூடவே கூடாது, கூடாரத்துக்குள் கம்பு வெந்துவிடும். பச்சை நிழல்வலைக்குக் கீழே, அல்லது வடக்குப் பார்த்த சுவரோரம்.

இனிதான் பலர் தோற்கும் இடம். பத்து, பன்னிரண்டு நாளில் கம்பின் மேல்கணுவிலிருந்து சிவந்த துளிர் எட்டிப்பார்க்கும். வேர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து மூடியைக் கழற்றி வெயிலில் வைப்பார்கள். மூன்றாம் நாள் துளிர் துவண்டு தொங்கும். அந்தத் துளிர் கம்புக்குள் சேர்ந்திருந்த மாவுச்சத்தில் வந்தது, வேரில் வந்ததல்ல. சமவெளியில் நான்கு முதல் ஆறு வாரம், மலையில் எட்டு வாரம்வரை பொறுக்க வேண்டும். இழுத்துப் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் வரும் வேர் நூலைவிட மெல்லியது, கண்ணாடிபோல ஒடியும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கப்பில் ஊன்றிக் கறுப்புத் துணி சுற்றி வைத்தால், துணியை விலக்கியே வேரைப் பார்த்துவிடலாம். வெள்ளையாகத் தெரியும் வேர் வெளிர்ப் பழுப்பாகி, பக்கவேர் கிளைக்கும்வரை இடம் மாற்ற வேண்டாம்.

அதன் பிறகு மூடியை ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, மக்கிய தொழுவுரம் கலந்த மண் நிரப்பிய பைக்கு மாற்றுங்கள். பையில் மூன்று மாதம் இருக்கட்டும். அதற்குள் வரும் மொட்டுகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனால் அந்த வயதில் ஒரு பூ பத்து வேரைத் தின்றுவிடும்.

தரையில் நடுவது

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். செடிக்குச் செடி மூன்றடி. பத்து கிலோ மக்கிய தொழுவுரம், இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு, ஒரு கை எலும்புத்தூள். இது சித்தூர்ச் சமவெளிக்கும் இடுக்கி மலைக்கும் பொது. மண்ணைத் திருத்துவதில்தான் பாதை பிரிகிறது.

சித்தூர் தாலுகாவின் கிழக்கில் கரிசல் மண் இருக்கிறது, கேரளத்தில் வேறெங்கும் அரிதாகக் காணும் மண். சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, மழையில் ஒட்டும், கோடையில் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். அங்கே குழியில் பாதிக்குச் செம்மண்ணும் மணலும் கலந்து, செடியைத் தரைமட்டத்துக்கு அரையடி உயர்ந்த மேட்டில் நடுங்கள். நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் தெரிந்தால் மண்ணில் இரும்பு இல்லை என்று எண்ண வேண்டாம். சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். சாம்பலும் சுண்ணாம்பும் அந்த மண்ணில் போடவே கூடாது.

தேயிலையும் ஏலமும் வளரும் இடுக்கி மண் புளிப்பு மண். அங்கே அதே சுண்ணாம்புதான் மருந்து. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே குழிக்கு ஒரு கை டோலமைட் போட்டுக் கிளறிவிடுங்கள். சரிவில் மேல்பக்கம் சின்ன வரப்பு வைத்தால் மழைநீர் செடியின் கழுத்தை அறுக்காது.

நடும்போது பையைக் கத்தியால் கீறி, மண் உதிராமல் இறக்க வேண்டும். பையில் இருந்த அதே மட்டம் தரையிலும். கடையில் வாங்கிய ஒட்டுச்செடி என்றால் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முடிச்சுக்குக் கீழிருந்து வீரியமாகக் கிளம்பும் தளிரை அடியோடு கிழித்து எடுத்துவிடுங்கள், அது வேர்ச்செடியின் கிளை. ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா என்ற கணக்கு எப்போதும் சரிவராது. கிளை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், போதும். கம்பில் வந்த உங்கள் செடிக்கு இந்தக் கவலையே இல்லை. அடியிலிருந்து வரும் ஒவ்வொரு தளிரும் அதே ரோஜாதான்.

நோயும் ஊர் பார்த்துத்தான் வருகிறது. மூணாறு மழையில் கரும்புள்ளி. இலை ஏழெட்டு மணி நேரம் நனைந்தே இருந்தால் அந்தப் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். ஆகவே தண்ணீரைக் காலையில், அடியில் விடுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள். காந்தல்லூரில் பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும் மார்கழி, தையில் சாம்பல் நோய். சித்தூர் கோடையில் செஞ்சிலந்தி. இலையின் அடியில் நூலாம்படை, மேலே தவிட்டுநிறப் புள்ளிகள். இலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு மாலையில் தெளித்தாலே பெருமளவு அடங்கும். கவாத்து செய்த நுனி கறுத்துக் கீழே இறங்கினால், ஏலத்துக்கும் மிளகுக்கும் வைத்திருக்கும் துருசு உங்கள் வீட்டிலேயே இருக்கும்: நூறு கிராம் துருசு, நூறு கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீரைப் பாதியாகப் பிரித்து, அதில் தனித்தனியே கரைத்துச் சேர்த்த பசையை, கறுத்த பகுதிக்குக் கீழே வெட்டிய காயத்தில் பூசுங்கள். இரும்புப் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

கவாத்து சமவெளியில் ஐப்பசித் தொடக்கத்தில். மலையில் உறைபனி தாண்டிய மாசியில். சமவெளிக்காரருக்கு இது இரட்டை லாபம், வெட்டி விழும் கிளைகளே அந்த ஆண்டின் கம்புகள். உடனே ஊன்ற முடியாவிட்டால் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே வாழைப்பட்டையால் கட்டி, நிழலில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். நாங்கள் உடுமலை வழியாக மறையூர் போகும் பஸ்ஸில் இப்படித்தான் கொண்டுபோகிறோம். கட்டின்மேல் ரகத்தின் பெயரை எழுதிவிடுங்கள், இலை இல்லாத கம்பில் பன்னீருக்கும் பட்டனுக்கும் வித்தியாசம் தெரியாது. தலைப்பக்கம் எல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும்.